அடங்காத நாயும் பயிற்சியாளரும்: தேடலில் தொடங்கிக் கடைசி அமர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாசல் மணி அடித்ததும் வீடே அதிரக் குரைக்கும் நாய், வந்தவர் மேல் தாவி விழும் நாய், நடைக்குக் கூட்டிச் சென்றால் தோள் கழன்றுவிடும்படி இழுக்கும் நாய், உணவுக் கிண்ணத்தை நெருங்கினால் உறுமும் நாய் என்று ஏதேனும் ஒன்று பொறுக்க முடியாத நிலைக்குப் போன பிறகுதான் நம்மில் பலர் பயிற்சியாளரைத் தேடத் தொடங்குகிறோம். பழுதான வண்டியைப் பட்டறையில் விடுவதைப் போல நாயை அவரிடம் ஒப்படைத்தால், சில வாரங்களில் அடங்கிய நாயாகத் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் எனக்கும் என் நாய்க்கும் ஏறக்குறைய ஓராண்டு வீணாயிற்று. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. பயிற்சியாளர் அதில் ஒரு மணி நேரம் நாயுடன் இருக்கிறார், மீதி 167 மணி நேரமும் நாய் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. எனவே நல்ல பயிற்சியாளர் முதலில் பயிற்றுவிப்பது நாயை வளர்ப்பவரைத்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் புரிதலிலிருந்தே எழுதப்பட்டது.

படி 1: பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவர்

நடத்தைக் கோளாறு என்று நாம் நினைப்பது பல நேரங்களில் வலியாக இருக்கும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நடத்தைச் சிக்கலுக்காக வல்லுநர்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிலாவது ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. காதில் சீழ் வைத்த நாய் தலையைத் தடவும் கையைப் பார்த்து உறுமும். இடுப்பு மூட்டில் தேய்மானம் உள்ள நாய், கட்டிலிலிருந்து இறங்கச் சொன்னால் பல்லைக் காட்டும். பல்வலி, தைராய்டு குறைபாடு, முதுமையில் வரும் பார்வை மங்கல் ஆகியவையும் நாயின் குணத்தை மாற்றக்கூடியவை. குறிப்பாக, இதுவரை சாதுவாக இருந்த நாய் சில நாட்களுக்குள் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கினால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். வலியில் இருக்கும் நாயைப் பயிற்சி என்ற பெயரில் மேலும் வருத்துவது கொடுமை.

படி 2: ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

"எங்கள் நாய் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியாளராலும் எதுவும் செய்ய முடியாது. ஒரு குறிப்பேட்டில், ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, அதன் பின் நாய்க்கு என்ன கிடைத்தது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் எழுத மறக்கிறார்கள், ஆனால் விடை அங்கேதான் இருக்கும்.

என் குறிப்பேட்டில் இருந்த ஒரு பதிவு இது: "மாலை 6.10. நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். நாய் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் கத்திக்கொண்டே வீடு முழுவதும் துரத்தினேன்." ஒரே வாரத்தில் இதைப் போல ஏழு பதிவுகள் இருந்தன, ஏழிலும் நான் தொலைபேசியில் இருந்தேன். நாயைப் பொறுத்தவரை அது திருட்டன்று. என் கவனத்தைப் பெறுவதற்கும் என்னுடன் ஓடி விளையாடுவதற்கும் அது கண்டுபிடித்த மிக உறுதியான வழி. இயலுமானால் காணொளியும் எடுத்து வையுங்கள், ஆனால் காணொளிக்காக நாயை வேண்டுமென்றே சீண்டாதீர்கள்.

இப்படி எழுதும்போது சிக்கல் எந்த வகை என்பது ஓரளவு புலப்படும். தாவுவதும் இழுப்பதும் பெரும்பாலும் யாரும் வேறு வழி கற்றுத்தராததால் வருபவை. அந்நியரைக் கண்டு குரைப்பதன் அடியில் பல நேரங்களில் அச்சம் இருக்கும். வளரிளம் பருவமும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 5 மாத வயதில் கேட்டதைவிட 8 மாத வயதில் நாய்கள் தங்களை வளர்ப்பவரின் "உட்கார்" என்ற கட்டளைக்குக் குறைவாகவே பணிந்தன, ஆனால் அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு தென்படவில்லை. எட்டு மாத நாயை வைத்துக்கொண்டு "எனக்கு மட்டும் இது அடங்குவதில்லையே" என்று மனம் நொந்திருப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

தோல் கிழியும்படி கடித்த நாய், தனியே விட்டால் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நாய் ஆகியவற்றுக்குப் பயிற்சியாளர் மட்டும் போதாது. நடத்தையியலில் தேர்ச்சி பெற்ற கால்நடை மருத்துவர் மருந்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டிவரும்.

படி 3: பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில் தவறினால் பிற படிகள் எல்லாம் வீண், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளராக இயங்க உரிமம் தேவையில்லை. இன்று காலை பெயர்ப்பலகை மாட்டியவரும், இருபது ஆண்டுகள் படித்தும் பழகியும் தேர்ந்தவரும் ஒரே பெயரில்தான் தொழில் செய்கிறார்கள். சான்றிதழ் தரும் அமைப்புகள் உண்டு. 2001-இல் தொடங்கப்பட்ட தொழில்முறை நாய்ப் பயிற்சியாளர் சான்றளிப்புக் குழு, தேர்வெழுதுவதற்கே குறைந்தது 300 மணி நேரப் பயிற்சி அனுபவத்தைக் கேட்கிறது. சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் அது ஒன்றே போதுமானதன்று.

நேரிலோ தொலைபேசியிலோ பேசும்போது நேரடியாகக் கேளுங்கள்: "என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்த முறை என் நாய்க்கு ஒத்துவராவிட்டால் அடுத்து என்ன?" இந்தக் கேள்விகளுக்கு, இன்ன செயலைச் செய்வேன் என்று தெளிவாகச் சொல்லும் பதில் வர வேண்டும். "உணவுத் துண்டு கொடுப்பேன்", "தவறினால் ஒன்றும் தர மாட்டேன், பாடத்தை எளிதாக்கி மறுபடி தொடங்குவேன்" என்பன பதில்கள். "ஆற்றலைச் சமன்செய்வேன்", "யார் தலைவர் என்று காட்டுவேன்" என்பன பதில்கள் ஆகா.

தலைவர் என்ற அந்தச் சொல்லைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் இன்றும் பல நாய்கள் அதன் பெயரால்தான் அடிபடுகின்றன. விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து, அவை பதவிக்காக ஓயாமல் மோதுவதாக எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல், மோதி வென்று கூட்டத்தை அடக்கியாளும் தலைவன் என்ற "ஆல்ஃபா" கருத்தைப் பரவலாக்கியது. ஆனால் அதே மெக், காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்த பிறகு, இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் அடங்கிய ஒரு குடும்பமே என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தினார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு நாயைக் கீழே அழுத்திப் பிடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவ நடத்தையியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா வகை நடத்தைச் சிக்கல்களுக்கும் வெகுமதி சார்ந்த முறைகளையே பயன்படுத்த வேண்டும் என்று கூறியுள்ளது. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை 2010-இலேயே தடைசெய்துவிட்டது.

தண்டனை ஏன் கூடாது என்பதை நான் என் நாயிடமிருந்தே கற்றேன். வேறு நாய்களைக் கண்டால் உறுமிக் குரைக்கும் அதை, முதலில் அமர்த்திய பயிற்சியாளர் கழுத்து இறுக்கும் சங்கிலியால் ஒவ்வொரு முறையும் வெடுக்கென்று சுண்டினார். மூன்று வாரங்களில் குரைப்பும் உறுமலும் நின்றன, நானும் மகிழ்ந்து போனேன். நான்காம் வாரம், தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அருகில் வந்த ஒரு சிறுவனின் சட்டைக் கையைச் சத்தமே இல்லாமல் கவ்வியது. துணி மட்டுமே கிழிந்தது என்பது எங்கள் நல்லூழ். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து நிறுத்தினால் எச்சரிக்கைதான் போகும், அச்சம் போகாது. அதோடு, வேறு நாய் கண்ணில் படும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்றால், அந்த நாயால்தான் வலி வருகிறது என்றே என் நாய் முடிவுகட்டியிருக்கும்.

தேர்ந்தெடுக்குமுன் உங்கள் நாய் இல்லாமல் அவருடைய வகுப்பு ஒன்றைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்குள்ள நாய்களின் உடல் தளர்வாக இருக்கிறதா, அவை பயிற்சியாளரை நோக்கித் தாமாகவே வருகின்றனவா, அல்லது காதைப் பின்னுக்கு மடித்து வாலை இடுக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பார்க்க அனுமதி மறுப்பவரிடமும், இத்தனை நாளில் குணமாகும் என்று உத்தரவாதம் தருபவரிடமும் நாயைக் கொண்டுபோகாதீர்கள். நாயை வாரக்கணக்கில் தம்மிடமே வைத்துப் பழக்கித் தருவதாகச் சொல்லும் திட்டங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது, மேலும் ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறிடத்தில் வேறொருவரிடம் தானாகவே செய்துகாட்டும் இயல்பு நாய்களுக்கு மிகக் குறைவு.

படி 4: முதல் அமர்வு

அமர்வுக்கு முன் நாய்க்கு வயிறு நிறைய உணவு கொடுக்காதீர்கள். வேகவைத்த கோழித் துண்டுகள் போல அதற்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பட்டாணி அளவில் நறுக்கி, நிறைய எடுத்து வையுங்கள். வீட்டில் நாயோடு பழகும் எல்லோரும் இருக்க வேண்டும். முன்பு யாரையாவது கடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் ஆபத்து பயிற்சியாளருக்கு மட்டுமன்று, தவறான திட்டம் கிடைக்கும் உங்கள் நாய்க்கும்தான்.

நான் இரண்டாவதாக அமர்த்திய பயிற்சியாளர் முதல் இருபது நிமிடங்கள் நாயைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, அதன் கண்ணைப் பார்க்காமல், அவ்வப்போது ஒரு துண்டு உணவை அருகில் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கயிற்றைக் கொடுத்து வாசல்வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். திரும்பி வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "தெருவில் நாய் இருக்கிறதா என்று நீங்கள் எட்டிப் பார்த்த அதே நொடியில் உங்கள் கை கயிற்றை இரண்டு சுற்று சுற்றி இறுக்கிவிட்டது. உங்கள் நாய் தெருவைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கையைப் படித்துவிட்டது." என் விரல்களைப் பார்த்தேன், கயிற்றின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நாயின் சிக்கலில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அமர்வு முடியும்முன் இலக்கை இருவரும் சேர்ந்து வரையறுக்க வேண்டும். "குரைக்கக் கூடாது" என்பது பயிற்றுவிக்கக்கூடிய இலக்கு அன்று, ஏனெனில் நாய் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. "மணி அடித்தால் விரிப்பில் போய்ப் படுத்து, நான் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும்" என்பது இலக்கு. விரிப்பில் படுத்திருக்கும் நாயால் விருந்தினர் மேல் தாவ முடியாது, எனவே ஒன்றைக் கற்பிப்பதால் மற்றது தானே நின்றுவிடும்.

படி 5: தவறு நடக்கும் வாய்ப்பை அடைத்தல்

பயிற்சி பலன் தரும்வரை பழைய நடத்தை மீண்டும் மீண்டும் நிகழாமல் தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை நிகழும்போதும் அது நாய்க்கு ஒரு ஒத்திகை. சன்னலுக்குத் திரை போடுவது, அறைக்குச் சிறு தடுப்புக் கதவு வைப்பது, செருப்பை உயரத்தில் வைப்பது, நெரிசல் இல்லாத நேரத்தில் நடைக்குப் போவது ஆகியவை எளிய ஏற்பாடுகள். கடிக்கும் அபாயம் இருந்தால் மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்க்கூட்டை, உணவு கொடுத்துப் பொறுமையாகப் பழக்குங்கள்.

படி 6: கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுதல்

உணவுக்கு முன் வழக்கமாக ஒலிக்கும் ஓசையைக் கேட்டாலே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்பதை ரஷ்ய அறிவியலாளர் பாவ்லவ் காட்டினார். அழுத்தினால் சொடுக்கொலி எழுப்பும் கிளிக்கர் என்ற சிறு கருவி அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. முதலில் பத்துப் பதினைந்து முறை, ஒரு சொடுக்கு, உடனே ஒரு துண்டு உணவு என்று கொடுத்தால், அந்த ஒலிக்கே "சரி, இதோ வருகிறது" என்ற பொருள் உண்டாகிவிடும். கருவி இல்லாவிட்டால் "ஆம்" என்ற ஒரு குறுஞ்சொல்லே போதும். முக்கியமானது நேரம். நாயின் பின்பகுதி தரையைத் தொடும் நொடியில் ஒலிக்க வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், அது எழுந்து நிற்பதற்குப் பரிசு கொடுத்தவர் ஆவீர்கள். பயிற்சியாளர் உங்கள் கையையும் வாயையும் திரும்பத் திரும்பத் திருத்துவது இதற்காகத்தான், சலித்துக்கொள்ளாதீர்கள்.

வாசல் மணிப் பயிற்சியை எடுத்துக்கொண்டால் படிப்படியாக இப்படி அமையும். மணியே இல்லாமல், விரிப்பில் ஒரு கால் வைத்தாலே பரிசு என்று தொடங்குங்கள். பிறகு நான்கு கால்களும், பிறகு படுப்பதும், பிறகு படுத்தபடி ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம் இருப்பதும் என்று வளர்த்துக்கொண்டு போங்கள். அது நிலைபெற்ற பிறகு, பதிவுசெய்த மணியோசையைக் கைபேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிட்டு, ஒலித்தவுடன் விரிப்புக்கு அனுப்புங்கள். ஒலியை மெல்லக் கூட்டி, அடுத்து வீட்டில் உள்ள ஒருவரையே வெளியே அனுப்பி உண்மையான மணியை அடிக்கச் சொல்லுங்கள். கதவைத் திறப்பதும் ஆள் உள்ளே வருவதும் அதற்குப் பின்பு. உண்மையான விருந்தினர் கடைசியில்தான். பத்து முறையில் எட்டு முறையாவது சரியாக வந்தால் மட்டுமே அடுத்த நிலைக்குச் செல்லுங்கள், ஐந்துக்குக் கீழே இறங்கினால் முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். பெரும்பாலோர் தோற்பது மூன்றாம் நாளிலேயே விருந்தினரை அழைத்துவிடுவதால்தான்.

அச்சத்தால் குரைக்கும் நாய்க்குத் தொலைவுதான் திறவுகோல். எந்தத் தொலைவில் அது வேறு நாயைப் பார்த்தும் அமைதியாக இருக்கிறதோ அங்கே நின்று, பார்க்கும் ஒவ்வொரு முறையும் உணவு கொடுக்க வேண்டும். அந்தக் காட்சியின் மேல் நாய்க்கு இருக்கும் உணர்வே இதனால் மெல்ல மாறும். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெண்மை பிறைபோல் தெரிவது, உடல் விறைப்பது ஆகியவை நெருக்கடியின் அறிகுறிகள். தனக்கு மிகவும் பிடித்த கோழித் துண்டைக்கூட நாய் வாங்க மறுத்தால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், உடனே விலகிச் செல்லுங்கள்.

படி 7: அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்கள்

வீட்டுப்பாடம் என்பது நீண்ட நேரம் உட்கார்ந்து செய்வதன்று. மூன்று முதல் ஐந்து நிமிடம் கொண்ட சிறு பயிற்சிகளே போதும். ஒரு நாள் தவறினாலும் குற்ற உணர்வு வேண்டாம். டென்மார்க்கில் பீகிள் நாய்களைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாள்தோறும் பயிற்சி பெற்றவற்றைவிட வாரத்துக்கு ஓரிரு முறை பயிற்சி பெற்றவை குறைந்த அமர்வுகளிலேயே பாடத்தைக் கற்றன. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிப் பொழுதுக்கு மேல் உறங்குவது இயல்பு. குறைவாக உறங்கும் நாய் எதையும் கற்காது, எரிச்சல்தான் படும்.

தவறக் கூடாதது வீட்டாரின் ஒற்றுமை. ஒருவர் "உட்கார்" என்கிறார், ஒருவர் "சிட்" என்கிறார், இன்னொருவர் "உக்காருடா கண்ணு" என்கிறார். "கீழே" என்ற சொல் ஒருவருக்குப் படுப்பது, மற்றவருக்குக் கட்டிலிலிருந்து இறங்குவது. நாய் குழம்புவதைப் பார்த்துவிட்டு அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். சொற்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

கவனம் பெறக் குரைக்கும் நாயைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்கியதும், குரைப்பு முதலில் கூடும். இதுவரை பலித்தது பலிக்காதபோது நாய் மேலும் முயன்று பார்ப்பது இயல்பே. பதினைந்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பதினாறாவது நிமிடத்தில் நாம் திரும்பிப் பார்த்தால், பதினாறு நிமிடம் குரைக்க வேண்டும் என்று அதற்குக் கற்பித்தவர்கள் நாமே. இந்த நாட்களைத் தாங்க முடியாது என்று தோன்றினால் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு வழி கேளுங்கள்.

படி 8: முன்னேற்றத்தை அளத்தலும், வேண்டுமானால் விலகுதலும்

தாவுவது போன்ற பழக்கங்கள் சில வாரங்களில் மாறலாம். அச்சத்தில் வேரூன்றியவை மாதக்கணக்கில் ஆகும், சில நாய்களுக்கு வாழ்நாள் முழுவதும் சில ஏற்பாடுகள் தேவைப்படும். "சரியாகிவிட்டதா" என்று கேட்பதைவிட, எத்தனை அடி தொலைவில் அமைதியாக இருக்கிறது, குரைக்கத் தொடங்கிய பின் அமைதியடைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வாருங்கள். என் நாய் முதல் மாதத்தில் வேறொரு நாயைக் கண்டபின் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நான்காம் மாதத்தில் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. குறிப்பேடு இல்லாதிருந்தால் இன்னும் குரைக்கிறதே என்று மட்டும்தான் நினைத்திருப்பேன்.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பின்னும் எந்த அளவும் மாறவில்லை என்றால் பயிற்சியாளருடன் வெளிப்படையாகப் பேசுங்கள். நல்லவர் திட்டத்தை மாற்றுவார், அல்லது தம்மைவிடத் தேர்ந்தவரிடம் அனுப்புவார். ஆனால் அமர்வின் நடுவே அவர் நாயை அடித்தாலோ, தூக்கித் தொங்கவிட்டாலோ, நாய் நடுங்குவதைப் பார்த்தும் தொடர்ந்தாலோ, பேச்சுக்கு இடமில்லை. கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு நாயுடன் வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும். நான் முதல் பயிற்சியாளரிடம் அதைச் செய்யாததற்கு இன்றும் வருந்துகிறேன்.

படி 9: அமர்வுகளை முடித்தல்

வாரம் ஒன்றாக இருந்த அமர்வை இரு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தள்ளிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்த உணவுத் துண்டை இப்போது சில முறைக்கு ஒன்று என்று குறைக்கலாம், ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இடையிடையே பாராட்டு, விளையாட்டு, நடைக்குப் போகும் வாய்ப்பு ஆகியவையும் பரிசாகலாம். கடைசி அமர்வில் பயிற்சியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை இரண்டு: பழைய நடத்தை திரும்பத் தொடங்குவதற்கான முதல் அறிகுறி இந்த நாயிடம் எப்படி இருக்கும், அப்போது எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும். வீடு மாறுவது, குழந்தை பிறப்பது, இன்னொரு நாய் வருவது போன்ற மாற்றம் ஏதேனும் எதிர்பார்க்கப்பட்டால், அதற்கு ஒரு மாதம் முன்னதாக ஓர் அமர்வை அன்றே குறித்துவிட்டு வாருங்கள்.